மீன்தூள் இல்லாத மீன் தீவனம்: மேல்பட்டாம்பாக்கம் வட்டாரக் குளங்களுக்கான செய்முறை

தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் கட்லா, ரோகு, மிர்கால், புல்கெண்டை ஆகியவற்றை வளர்க்கும் சிறு பண்ணையாளர், தம் குளத்திற்கு வேண்டிய தீவனத்தை உள்ளூரில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டு தாமே தயாரித்துக்கொள்ளும் முறையை இவ்வத்தியாயம் விளக்குகிறது. மீன் வளர்ப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு தீவனத்திற்கே போகிறது. அதே வேளையில், மணிலாவும் எள்ளும் செக்கில் ஆடுகின்ற, நெல் ஆலைகள் நிறைந்த, பலாவும் முந்திரியும் விளைகின்ற கடலூர் மாவட்டத்தில் தீவன மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பொருளைச் சோதிக்காமல் வாங்குவதும், பதப்படுத்தாமல் கலப்பதும், ஈரத்தோடு அடுக்கி வைப்பதுமே பெரும்பாலான நட்டங்களுக்குக் காரணமாக இருப்பதால், இவ்வத்தியாயத்தில் கலவைச் சூத்திரத்தைவிட அந்த மூன்று செயல்களுக்கே கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது.

தொடங்குமுன் அறிய வேண்டியவை

மீன்தூள் என்பது மத்தி போன்ற சிறுமீன்களை வேகவைத்துப் பிழிந்து உலர்த்தி அரைத்த தூள் ஆகும். ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சை மீன் தேவைப்படுகிறது. அந்த மத்தி ஏழை வீட்டுச் சமையலுக்கும் போய்ச்சேர வேண்டிய மீன் என்பதை மறக்கலாகாது. கெண்டை இனங்கள் கொடுவாவையும் விராலையும் போல ஊனுண்ணிகள் அல்ல. அவற்றுக்கு மீன்தூள் கட்டாயமன்று. வளர்பருவக் கெண்டைகளுக்குத் தீவனத்தில் 25 முதல் 30 விழுக்காடு புரதம் இருந்தால் போதும்.

புரதத்தின் அளவோடு அதன் சேர்மானத்தையும் பார்க்க வேண்டும். புரதம் அமினோ அமிலங்கள் எனப்படும் சிறு கூறுகளால் ஆனது. அவற்றுள் சிலவற்றை மீனின் உடல் தானாக உண்டாக்கிக்கொள்ள இயலாது. மணிலாப் பிண்ணாக்கில் லைசின், மெத்தியோனின் ஆகிய இரண்டும் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. சோயாவில் லைசின் மிகுதி. ஆகவே ஒரே பிண்ணாக்கை மட்டும் நம்பாமல் இம்மூன்றையும் சேர்க்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது.

எந்தப் பொருளின் சத்தையும் உலர்எடையில் ஒப்பிட வேண்டும். பச்சை அசோலாவில் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 94 கிலோ தண்ணீரே. எஞ்சும் 6 கிலோ உலர்பொருளில் புரதம் ஒன்றரை கிலோவுக்கும் குறைவு. "25 விழுக்காடு புரதம்" என்று சொல்லி விற்கப்படும் பச்சைத் தீவனங்களின் விலையை இக்கணக்கைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூலப்பொருட்களை வாங்குதலும் சோதித்தலும்

*மணிலாப் பிண்ணாக்கு.* இதில் ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு புரதம் உள்ளது. இவ்வட்டாரத் தீவனத்தின் முதுகெலும்பு இதுவே. மிகப் பெரிய இடரும் இதிலேயே உள்ளது. ஈரம் பட்ட மணிலாவிலும் பிண்ணாக்கிலும் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த மணிலாப் பிண்ணாக்கே காரணம் என்பது தெரியவந்தது. இந்நஞ்சு உலகின் கவனத்திற்கு வந்ததே அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான். மீன்களில் இது ஈரலைத் தாக்கி, வளர்ச்சியைக் குன்றச் செய்து, நோய் எதிர்ப்பைக் குறைக்கிறது. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்னும் நம்பிக்கை தவறானது. கொதிநீரின் வெப்பத்தில் பூஞ்சை சாகும். அது விட்டுச்சென்ற நஞ்சு அப்படியே இருக்கும்.

வாங்கும்போது பின்பற்ற வேண்டிய வரிசை:

1. சாக்கின் மேற்புறத்தை மட்டும் பார்க்காமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுக்க வேண்டும். உட்புறம் வெதுவெதுப்பாக இருந்தால் பூஞ்சை வளரத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.
2. கட்டியை உடைத்துப் பார்த்து, பச்சை அல்லது மஞ்சள் கலந்த பச்சைப் படலமோ பூசணவாடையோ இருந்தால் அந்தச் சாக்கு முழுவதையும் விலக்க வேண்டும். கெட்ட பகுதியை மட்டும் சுரண்டிவிட்டு மற்றதைப் பயன்படுத்துதல் கூடாது.
3. ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டால், கலந்துள்ள மணல் அடியில் படியும்.
4. யூரியா கலப்படத்தை அறிய, அரைத்த பிண்ணாக்கோடு வறுக்காத பச்சைச் சோயா மாவைச் சிறிது சேர்த்து, வெதுவெதுப்பான நீர் விட்டு மூடி வைக்க வேண்டும். பச்சைச் சோயாவில் உள்ள நொதி யூரியாவைச் சிதைப்பதால், கலப்படம் இருப்பின் சற்று நேரத்தில் அம்மோனியா நெடி அடிக்கும்.
5. மொத்தமாக வாங்குவோர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவன ஆய்வுக்கூடம் போன்ற ஓரிடத்தில் அஃப்ளாடாக்சின் சோதனை செய்துகொள்வது நலம். ஒரு கிலோவில் 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் தவிர்க்க வேண்டும்.

*பாதுகாப்பு:* பூஞ்சை பிடித்த பிண்ணாக்கின் தூசி மனிதருக்கும் கேடு தருவது. அதைக் கையாள்பவர் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும்; விலக்கிய பிண்ணாக்கை மாட்டுக்கும் கோழிக்கும் தள்ளிவிடாமல் புதைத்துவிட வேண்டும். அஃப்ளாடாக்சின் கலந்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் அந்நஞ்சின் மாற்றுவடிவம் வெளிப்படும். அந்தப் பால் குழந்தைக்கும் போகும்.

*தவிடு.* நல்ல தவிட்டில் 12 விழுக்காட்டு அளவில் புரதமும் கணிசமான எண்ணெயும் உண்டு. அரவை முடிந்தவுடனேயே அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிக்குப்பிடிக்கச் செய்யத் தொடங்குவதால், ஆலையிலிருந்து புதிதாக வாங்கி இரண்டு வாரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமெனில் எண்ணெய் நீக்கிய தவிட்டை வாங்கலாம். உமி கலப்பே இங்கு வழக்கமான ஏமாற்று. தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி மிதந்து காட்டிக்கொடுக்கும். சிதம்பரம் பக்கத்தில் நெல்லுக்குப் பின் உளுந்து விதைக்கும் வழக்கம் இருப்பதால், பருப்பு ஆலைகளில் கழியும் உளுந்துப் பொட்டு மலிவாகக் கிடைக்குமிடத்தில் தவிட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாக அதைச் சேர்க்கலாம்.

*எள், சோயா, பருத்தி.* எள்ளுப் பிண்ணாக்கில் உள்ள பைட்டிக் அமிலம் சுண்ணாம்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்வதால், அதை 10 முதல் 15 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டும். கடையில் விற்கும் சோயாப் பிண்ணாக்கு பெரும்பாலும் வெப்பமூட்டப்பட்டதே. பச்சைச் சோயாப் பயறை நேரடியாக அரைத்துச் சேர்த்தால் அதிலுள்ள செரிமானத் தடைப்பொருள் புரதத்தை வீணாக்கும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால், 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது. சினைமீன் குளத்தில் அதை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது.

*ஒருபோதும் சேர்க்கக் கூடாதவை.* ஆமணக்கு, புங்கம், வேம்பு ஆகியவற்றின் பிண்ணாக்குகள் வயலுக்கு எருவாகலாம்; மீனுக்கு உணவாகா. இவற்றினும் இடர் மிகுந்தது இலுப்பைப் பிண்ணாக்கு. குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் உள்ள களைமீன்களைக் கொல்வதற்கே அது இடப்படுகிறது. அதிலுள்ள சபோனின் மீனின் இரத்த அணுக்களைச் சிதைக்கிறது. எருப் பிண்ணாக்குகளும் தீவனப் பிண்ணாக்குகளும் ஒரே கொட்டகையில் ஒரே வகைச் சாக்கில் இருக்குமானால், ஆள் மாறும் ஒரு நாளில் குளம் முழுவதும் அழியக்கூடும். இலுப்பைப் பிண்ணாக்குச் சாக்கில் சிவப்புச் சாயம் பூசி, வேறு கட்டடத்தில் பூட்டி வைக்க வேண்டும். முந்திரி ஓட்டில் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருப்பதால், ஓடு இருந்த சாக்குகளையும் தீவனத்திற்குப் பயன்படுத்தலாகாது. தீவனம் அவிக்கும் அடுப்பில் அந்த ஓட்டை எரிப்பதும் தவறு.

அசோலாவும் இலைத்தூள்களும்

அசோலாவைப் பற்றி மிகையான நம்பிக்கை பரவியுள்ளது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டம் பரப்பிய எளிய முறையில், 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட குழியில் சில்பாலின் பாய் விரித்து, 10 முதல் 15 கிலோ சலித்த மண், 2 கிலோ சாணம், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட் ஆகியவற்றை இட்டு, 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் விட்டு, ஒரு கிலோ வரை விதை அசோலா தூவினால், இரண்டு வாரத்தில் நாளொன்றுக்கு அரை கிலோ அளவு அறுவடை கிடைக்கும். ஆனால் அந்த அரை கிலோவில் உலர்பொருள் 30 கிராமே. ஒரு குழியை வைத்துக்கொண்டு பிண்ணாக்கை நிறுத்திவிட்டவர்களின் குளத்தில் மீன் தலை பெருத்து உடல் மெலிந்து நிற்பதில் வியப்பில்லை.

புல்கெண்டை இருக்கும் குளத்தில் அசோலாவைப் பச்சையாகவே இடலாம். அதுவே அதன் சரியான இடம். மீன் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் தூவினால் நீர்ப்பரப்பு மூடி, ஒளி தடைப்பட்டு, உயிர்வளி குறையும். கோடையில் குழிக்குத் தென்னங்கீற்று நிழல் அவசியம்.

முருங்கை, அகத்தி இலைகளை நிழலில் உலர்த்தித் தூளாக்கி 10 விழுக்காடு வரை சேர்க்கலாம். சூபாபுல் இலையில் மைமோசின் என்னும் நச்சு இருப்பதால், ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்து, உலர்த்திய பின் 5 விழுக்காட்டுக்குள் அளவாகச் சேர்க்க வேண்டும்.

கருப்புப் படைவீரன் ஈயின் புழு

மீன்தூளுக்கு மாற்றாக இன்று உலகெங்கும் பேசப்படும் பொருட்களுள் சிறு பண்ணையில் உண்மையாகவே கைகூடுவது இது. இந்த ஈ வீட்டு ஈ அன்று. வளர்ந்த ஈ உணவைத் தேடி வீட்டுக்குள் வருவதில்லை. இதன் புழு அழுகும் காய்கனிக் கழிவைத் தின்று, உலர்எடையில் 40 விழுக்காடு அளவு புரதமும் 30 விழுக்காடு அளவு கொழுப்பும் கொண்டதாக வளர்கிறது. பண்ருட்டிச் சந்தையில் பலாப் பருவத்தில் குவியும் தோலும் சடையும், முந்திரித் தோப்புகளில் உதிர்ந்து வீணாகும் முந்திரிப்பழமும் இதற்கு ஏற்ற இரை. தனித்துப் பெரிய பண்ணையாக நடத்த முனையாமல், முதல் ஆண்டில் நான்கைந்து தொட்டிகளோடு தொடங்குவதே அறிவுடைமை.

1. நிழலான இடத்தில், கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திய மேசைமேல் ஆழமில்லாத பிளாஸ்டிக் தொட்டிகளை வைக்க வேண்டும்.
2. நறுக்கிய கழிவைத் தவிட்டோடு பிசைந்து, கையால் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்டும் பதத்திற்குக் கொண்டுவர வேண்டும். ஈரம் மிகுந்தால் நாற்றமும் வீட்டு ஈயும் வரும். அப்போது உலர்ந்த கரும்புச் சக்கைத் தூளைக் கலக்கலாம்.
3. கழிவின் மேல், அதைத் தொடாதவாறு, இடுக்குகள் உள்ள அட்டைத் துண்டுகளை வைத்தால் பெண் ஈக்கள் அந்த இடுக்கில் முட்டையிடும். முட்டை ஏறத்தாழ 4 நாளில் பொரிக்கும்.
4. இரையை 7 சென்டிமீட்டர் உயரத்திற்கு மேல் கொட்டாமல் சிறிது சிறிதாக இட வேண்டும். ஒரே நாளில் குவித்தால் வெப்பம் ஏறிப் புழுக்கள் தொட்டியை விட்டு வெளியேறும்.
5. இரண்டு முதல் இரண்டரை வாரத்தில் புழு தடித்து வெளிர்நிறமாக இருக்கும்போதே சலித்து எடுக்க வேண்டும். கருமை ஏறிய புழுவின் தோல் கடினப்பட்டுவிடுவதால் செரிமானம் குறையும். அவற்றுள் ஒரு பங்கை அடுத்த தலைமுறைக்காக விட்டுவைக்க வேண்டும்.
6. கழுவிய புழுவைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, வலை மூடிய தட்டில் நொறுங்கும்வரை உலர்த்த வேண்டும்.

100 கிலோ கழிவிலிருந்து 10 முதல் 20 கிலோ பச்சைப் புழு கிடைக்கலாம். உலர்ந்த பின் அது மூன்றில் ஒரு பங்காகும். கொழுப்பு மிகுந்ததால் உலர்ந்த புழு விரைவில் சிக்குப்பிடிக்கும். ஒரு மாதத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது.

*பாதுகாப்பு:* காட்மியம் போன்ற கன உலோகங்கள் இப்புழுவின் உடலில் சேர்ந்து மீன் வழியாக மனிதரை அடையக்கூடும் என்பதால், தொழிற்சாலைக் கழிவோ சாக்கடைச் சேறோ கலந்த குப்பையை ஒருபோதும் இரையாக்கக் கூடாது. கோழிக்கடைக் கழிவையும் தவிர்க்க வேண்டும். அக்கழிவை நேரே குளத்தில் கொட்டி, தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கும் பழக்கம் நீரையும் ஊரையும் கெடுத்திருக்கிறது; அது மாற்றுத் தீவனம் ஆகாது.

மீன் கழிவு ஊறல்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்திலும் சந்தைகளிலும் கழியும் தலை, குடல், செவுள் ஆகியவற்றை அமிலத்தில் ஊறவைத்துக் கூழாக்குவது ஊறல் முறை. பச்சைக் கழிவை அப்படியே குளத்தில் இட்டால் நோய்க்கிருமி பரவும். ஊறலில் அமிலத்தன்மை கிருமிகளை அடக்கிவிடுகிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் கழிவிலிருந்து பிளாங்க்டன் பிளஸ் என்னும் பொருளை உருவாக்கியிருப்பது, இக்கழிவின் மதிப்பை உணர்த்தும் சான்று.

1. அன்றைய கழிவை அன்றே நன்றாக அரைக்க வேண்டும். கெட்டுப்போன கழிவு ஊறலுக்கு உதவாது.
2. பிளாஸ்டிக் பீப்பாயில் 100 கிலோ அரைத்த கழிவுக்கு 3 கிலோ அளவில் ஃபார்மிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி மரத்துடுப்பால் கலக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரித்துவிடும்.
3. பி.எச். தாளால் சோதித்து, அளவு 4க்குக் கீழே இறங்கியதை உறுதிசெய்து, நாளுக்கு இருமுறை கிளற வேண்டும். நம் வெப்பநிலையில் சில நாட்களில் கழிவு கூழாகிவிடும்.
4. கூழைத் தவிட்டில் பிசைந்து வெயிலில் உலர்த்தி, கலவையில் 5 முதல் 10 விழுக்காடு வரை சேர்க்கலாம்.

*பாதுகாப்பு:* ஃபார்மிக் அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியது. ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் மூடியைத் திறக்கவே கூடாது. காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஒரு தொட்டித் தண்ணீர் வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மேலே பட்டால் உடனே கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறுவர்கள் நடமாடும் வீட்டு முற்றத்தில் இவ்வேலையை மேற்கொள்ளுதல் தகாது.

அமிலத்திற்குப் பதில் மொலாசஸ் சேர்த்து நொதிக்கவைக்கும் முறையும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மொலாசஸ் விற்பனையும் இருப்பும் அரசின் மதுவிலக்கு ஆயத்தீர்வைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், சர்க்கரை ஆலை நெல்லிக்குப்பத்தில் பக்கத்திலேயே இருந்தாலும் அனுமதியின்றி பீப்பாயில் வாங்கி வைத்தல் கூடாது.

கலவைக் கணக்கு

இரண்டு பொருட்களை மட்டும் கலக்கும்போது கழித்தல் கணக்கு ஒன்றே போதும். மணிலாப் பிண்ணாக்கில் 42, தவிட்டில் 12, வேண்டியது 28 விழுக்காடு எனக் கொண்டால், 28இலிருந்து 12ஐக் கழித்தால் வரும் 16 பிண்ணாக்கின் பங்கு. 42இலிருந்து 28ஐக் கழித்தால் வரும் 14 தவிட்டின் பங்கு. ஆக, 30 பங்கில் 16 பங்கு பிண்ணாக்கும் 14 பங்கு தவிடும் சேர வேண்டும். வழக்கமாகப் பண்ணையாளர்கள் சரிபாதியாகக் கலப்பது இதற்கு நெருக்கமானதே. ஆயினும் முன்னர்ச் சொன்ன அமினோ அமிலக் குறை அதில் அப்படியே தங்கிவிடுகிறது.

அக்குறையை நீக்கும் 100 கிலோ கலவை ஒன்று பின்வருமாறு:

- மணிலாப் பிண்ணாக்கு: 30 கிலோ
- சோயாப் பிண்ணாக்கு: 15 கிலோ
- எள்ளுப் பிண்ணாக்கு: 10 கிலோ
- தவிடு: 28 கிலோ
- மரவள்ளி மாவு: 8 கிலோ
- உலர்ந்த ஈப்புழுத் தூள்: 5 கிலோ
- தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்த கலவை: 2 கிலோ
- சமையல் எண்ணெய்: 1 கிலோ
- கல்லுப்பு: 1 கிலோ

இதில் புரதம் ஏறத்தாழ 28 விழுக்காடு அமையும். ஈப்புழு கிடைக்காதபோது அந்த 5 கிலோவைச் சோயாவால் நிரப்பலாம். மரவள்ளி மாவு, வெந்ததும் பசையாகி உருண்டையைப் பிடித்துவைக்கிறது. கிழங்கின் தோலில் சயனைடு தரும் பொருள் மிகுதி என்பதால் தோல் சீவிய கிழங்கின் மாவையே கொள்ள வேண்டும். கடைகளில் பலமுறை வடை சுட்ட எண்ணெய் மலிவு என்பதற்காக அதை வாங்குதல் கூடாது.

தயாரிக்கும் வரிசை

1. எல்லாப் பிண்ணாக்குகளையும் உலர்த்தி, அரைத்து, மாவுச் சல்லடையில் சலிக்க வேண்டும். பரும்பரும்பாக இருந்தால் உருண்டை தண்ணீரில் உடையும். அரவை இயந்திரத்தில் போடுவதற்கு முன் காந்தத்தால் ஆணி, கம்பித் துண்டுகளை நீக்க வேண்டும்.
2. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்த வேண்டும். படியால் அளந்தால் தவிடும் பிண்ணாக்கும் ஒரே அளவில் வெவ்வேறு எடை காட்டும்.
3. உப்பை முதலில் சிறிது தவிட்டோடு கலந்து, பிறகு முழுக் கலவையில் சேர்க்க வேண்டும்; அப்போதுதான் எங்கும் சீராகப் பரவும்.
4. 10 கிலோ கலவைக்கு மூன்றரை முதல் 4 லிட்டர் வரை கொதிநீர் விட்டுப் பிசைந்து, இட்லிப் பானையிலோ ஆவி வரும் பெரிய பாத்திரத்திலோ அரை மணி நேரம் அவிக்க வேண்டும்.
5. கைபொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பிறகே வைட்டமின் கலவையையும் எண்ணெயையும் சேர்க்க வேண்டும். சூட்டோடு சேர்ப்பதே மிகவும் பரவலான தவறு. அவ்வாறு சேர்த்தால் உயிர்ச்சத்து சி பெருமளவு அழிந்துவிடும்.
6. இறைச்சி அரைக்கும் இயந்திரத்தின் தட்டு வழியாக, குஞ்சுகளுக்கு 2 மில்லிமீட்டர், வளர்ந்த மீனுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனில் இழைகளாகப் பிழிய வேண்டும். இயந்திரத்தில் மாவைத் தள்ளுவதற்கு மரக்கட்டையை மட்டுமே பயன்படுத்த வேண்டும்; தளர்ந்த சேலைத் தலைப்பும் துண்டும் சுழல்பகுதிக்கு அருகில் வரலாகாது.
7. மெல்லிய படலமாகப் பரப்பி, ஒடித்தால் 'பட்'டென்று முறியும்வரை உலர்த்த வேண்டும். நண்பகல் வெயிலைவிடக் காற்றோட்டமுள்ள இளவெயில் நல்லது.
8. ஒரு குவளைத் தண்ணீரில் நாலைந்து துண்டுகளை இட்டு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அதற்குள் கரைந்தால் அடுத்த முறை அவிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

மழைக்காலச் சேமிப்பு

கடலூர் மாவட்டத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றே ஈரமாக இருக்கும். அம்மாதங்களில் 10 முதல் 15 நாளுக்கான தீவனத்தை மட்டும் தயாரித்துக்கொள்ள வேண்டும். சாக்குகளைத் தரையிலும் சுவரிலும் படாமல், மரப்பலகைமேல் ஒரு சாண் உயரத்தில் அடுக்க வேண்டும். 2015இலும் 2024 டிசம்பரிலும் வெள்ளம் புகுந்ததைக் கண்ட தென்பெண்ணைக் கரை ஊர்களில் ஒரு சாண் உயரம் போதாது. மேடான இடத்தில் மாற்று இருப்பிடம் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். தண்ணீர் பட்ட தீவனத்தை மீண்டும் உலர்த்திப் பயன்படுத்தலாகாது. தயாரித்த தேதியை ஒவ்வொரு சாக்கிலும் எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும். எலிக்கு நஞ்சு வைக்காமல் பொறி வைக்க வேண்டும்.

குளத்தில் இடுதல்

தினசரி அளவைக் கண்மதிப்பால் முடிவுசெய்வது தவறு. மாதம் இருமுறை வீச்சுவலையில் சில மீன்களைப் பிடித்து நிறுத்துச் சராசரி காண வேண்டும். ஓர் ஏக்கர் குளத்தில் 2,000 மீன்கள் சராசரி 250 கிராம் இருப்பின் மொத்த எடை 500 கிலோ. அதில் இரண்டரை விழுக்காடாகிய 12.5 கிலோவைக் காலையும் மாலையுமாகப் பிரித்து இடலாம். குஞ்சுப் பருவத்தில் இது 5 விழுக்காடும் அதற்கு மேலும் ஆகும்.

புதிய தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாள் பழையதோடு கலந்து சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஒரே இடத்தில் கட்டிய தட்டில் ஒரு பங்கை இட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மீதி இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தாலும், வானம் மூடிக்கொண்டு மழை பெய்தாலும், தண்ணீர் கரும்பச்சையாகத் தடித்தாலும் அன்று தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். அத்தகைய நாளில் இட்ட தீவனம் அழுகி, இருக்கும் உயிர்வளியையும் உறிஞ்சிவிடும்.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து உவர்நீர்ப் பண்ணைகளுக்கு

இங்குக் கூறிய கலவை இறாலுக்கும் கொடுவாவுக்கும் பொருந்தாது. அவற்றுக்குக் கூடுதல் புரதமும் கடல்சார் கொழுப்பும் வேண்டும்; இறால் தீவனம் மணிக்கணக்கில் நீரில் கரையாமலும் நிற்க வேண்டும். உள்நாட்டு மூலப்பொருட்களைக் கொண்டு உவர்நீர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனாமி பிளஸ் போன்ற தீவனத்தையே அப்பண்ணையாளர் நாடுவது நன்று. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும் இத்துறையில் ஆலோசனை பெறத் தக்க இடங்கள்.

முழுக் குளத்திற்கு மாறுமுன் சோதனை

குளத்தின் ஓரத்தில் 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்ட இரண்டு ஹாப்பா வலைகளைக் கட்டி, ஒரே அளவுள்ள குஞ்சுகளைச் சம எண்ணிக்கையில் விட்டு, ஒன்றில் பழைய தீவனத்தையும் மற்றொன்றில் புதியதையும் 60 நாள் இட்டுப் பார்க்க வேண்டும். இட்ட தீவனத்தின் எடையைக் கூடிய மீன் எடையால் வகுத்தால் தீவன மாற்று விகிதம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, கிலோ 50 ரூபாய்த் தீவனத்தில் விகிதம் 1.8 எனில் ஒரு கிலோ மீனுக்கான தீவனச் செலவு 90 ரூபாய். கிலோ 35 ரூபாய்த் தீவனத்தில் விகிதம் 2.8 எனில் செலவு 98 ரூபாய். மலிவான தீவனம் மலிவான மீனைத் தருவதில்லை என்பது இக்கணக்கைப் போட்டாலன்றித் தெரியாது.

புதிய கலவையின் செலவு கூடுதலாக வந்தால், சூத்திரம் முழுவதையும் கைவிடாமல் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி அடுத்த 60 நாளுக்குச் சோதிக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்பதைப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு முறையும் பிண்ணாக்கு வாங்கிய கடை, தேதி, விலை, சோதனையில் கண்டது, இட்ட அளவு, இறந்த மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மீன்கள் திடீரென்று இரை எடுக்காமல் போகும் நாளில் எந்தச் சாக்கை நிறுத்த வேண்டும் என்பதை அந்த நோட்டைப் புரட்டியே கண்டுகொள்ளலாம்.